உன் அம்மா முதுகில் வைத்த பெட்டி

அன்பு மகள் ஏஞ்சலுக்கு உன் நைனா சொல்லச் சொல்ல எழுதுவது. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நானும் உன் அண்ணன் ஆண்டனியும் நன்றாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஜெரால்டும் என் பேத்தி ஜோவிட்டாவும் சளி, காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்க வேளாங்கண்ணி மாதா பார்த்துக்கொள்ளட்டும். நானும் ஆண்டனியும் என்றுதானே சொல்கிறார், அம்மா எங்கே என்று இந்நேரம் உன் புருவம் மேலே போயிருக்கும். கீழே இறக்கு. நான் உட்கார்ந்திருப்பது அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே. அம்மா உள்ளே இருக்கிறாள். முதுகு ஆபரேஷன் இன்றைக்குத்தான். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று உனக்குச் சொன்னது பொய். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்து நாளாகியிருக்கும், அதனால் பயப்படுவதற்கு உனக்கு வேலையே இல்லை, இருக்கிற பயத்தை எல்லாம் நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன் செய்ய வேண்டியதுதானே என்று திட்டாதே. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, யோவ், நான் வெளிய வந்து கால் விரல ஆட்டிக் காட்டுற வரைக்கும் ஏஞ்சலுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவ பஸ் ஓட்டிக்கினு கீற நேரம், கண்ணு கலங்கினா எந்த வெள்ளக்காரன் மேலயாவது ஏத்திடுவா, அப்பால அவனுக்கும் இதே ஆபரேஷன் பண்ணணும் என்றாள். தள்ளிக்கொண்டு போன நர்ஸ் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் வாயை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் சும்மா உட்காருவது? கடிதம் என்றால் இன்றைக்குச் சொன்னது உனக்கு என்றைக்கோதான் வந்து சேரும், அதனால் சத்தியம் மீறியதாகாது என்று பக்கத்து நாற்காலிக்காரர் வழி சொன்னார். அவர்தான் எழுதுகிறார். பெயர் சந்திரமௌலி, மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்காரர், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் சம்சாரம் சூடாமணி அம்மாளுக்கு முந்தாநாள் இதே டாக்டர் கழுத்தில் ஆபரேஷன் செய்தார். இன்று அந்த அம்மா கழுத்துப் பட்டையோடு வராந்தாவில் நடக்கிறார்கள். பேசுங்கோ லூர்துசாமி, நான் எழுதிண்டே வரேன், உங்களுக்கும் பொழுது போகும், எனக்கும் பொழுது போகும் என்றார் சார். நான் பேசுகிறபடி எழுதாமல் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுதுகிறார். மற்றவர்கள் பேசியதை, முக்கியமாக உன் அம்மா பேசியதை, அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், அவளைத் திருத்த யாராலும் ஆகாது. இரண்டு வார்த்தைகளை மட்டும் எழுத மாட்டேன் என்று விட்டுவிட்டார். எவை என்று உனக்கே தெரியும்.

இது எங்கே ஆரம்பித்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும், உன் அம்மா போனில் பாதிதான் சொல்வாள். மாண்டஸ் புயல் கரையைக் கடந்த பிறகு முதன்முதலாகப் படகு போய் வந்த காலை. அன்னக்கூடையில் இருந்தது ஒரு வஞ்சிரம், நான்கைந்து பாறை மீன், மீதியெல்லாம் சங்கரா, மேலே உடைத்த ஐஸ். அவள் கட்டியிருந்தது நீ அனுப்பிய கிளிப்பச்சைப் புடவை. கூடையை நான் தூக்கித் தருகிறேன் என்றதற்கு, நீ தூக்கித் தர்ற வரைக்கும் மீனு உயிரோட இருக்குமா என்று சொல்லிவிட்டுத் தானே தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். என்ன என்றேன், ஒன்னுமில்ல காலு இழுத்துக்கினு கீது என்றாள். அன்றிலிருந்து கால், கால், வலது கால். பின்தொடையில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் கரண்ட் கம்பி வைத்த மாதிரி. நாங்களும் காலுக்கே எல்லாம் செய்தோம். எண்ணெய் போட்டோம், தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தோம், கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கட்டினோம். செப்டம்பர் திருவிழாவில் பெசன்ட் நகர் கோவில் வாசல் கடையில் காணிக்கைத் தகடு வாங்கப் போனாள். கண் இருக்கிறது, கை இருக்கிறது, குழந்தை, வீடு, படகுகூட இருக்கிறது. கால் ஒன்று வாங்கி மாதா காலடியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஸ்கேனில் கோளாறு காலில் இல்லை, முதுகில் என்று சொன்னதும் இவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மாதா மேல் இல்லை, தன் மேலேயே. நானே தப்பு எடத்த காட்டிட்டு வந்துட்டேன், அவங்க இன்னா பண்ணுவாங்க என்று மறுபடி அந்தக் கடைக்குப் போனாள். முதுகு இருக்கிறதா என்று கேட்டால், கடைக்கார அம்மா, முதுகுன்னு தனியா எவன் செய்வான்மா, முழு ஆளு கீது எடுத்துக்கோ என்றாளாம். முழு ஆள் தகடு ஆம்பிளை, மீசையோடு இருந்தது. இவள் அதையும் வாங்கி வைத்துவிட்டு, மீசைய கண்டுக்காதம்மா, மீதிய பாத்துக்கோ என்று வேண்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் வரைக்கும் போனதற்குக் காரணம் தங்கம். ஆமாம், அதே தங்கம், பக்கத்து இடத்தில் மீன் விற்கிறவள், உன் அம்மாவோடு பேச்சு பாதி நாள், சண்டை பாதி நாள். ஒருநாள் கடைவீதியில் அம்மா நடந்து போகிறாள், வலது செருப்பு கழன்று மணலில் கிடக்கிறது, இவளுக்குத் தெரியவே இல்லை, பாதம் தொங்கிக்கொண்டு மணலைக் கோடு போட்டபடி வருகிறது. தங்கம் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, இன்னாடி முத்தம்மா, ஒத்த செருப்பு யாருக்கு காணிக்க வெச்சிட்டு போற என்று கேட்டிருக்கிறாள். கேட்டவள் உன் அம்மா காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நேரே வீட்டுக்கு வந்து என்னிடம், மாமா, நாளைக்கே டாக்டராண்ட கூட்டிக்கினு போ, இல்ல நான் கூட்டிக்கினு போவேன் என்று கத்தினாள். அப்படித்தான் டாக்டர் வஜீஹாவிடம் வந்தோம். சின்ன வயசு, பேச்சில் அவசரமே கிடையாது. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்புக்கு எலும்பு நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது, அதுதான் டிஸ்க். மற்றதெல்லாம் வெள்ளையாக, பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரி இருக்கிறது. இடுப்புக்குக் கிட்டே ஒன்று மட்டும் கறுத்து நசுங்கி, மேல் எலும்பு முன்னால் வழுக்கி வந்து நிற்கிறது. வழுக்கின எலும்பு நரம்பைக் கிள்ளுவதால்தான் காலில் வலி. கிள்ளுவது விட்டால் வலி போகும் என்று தைரியமாகச் சொல்வேன், பாதம் பழையபடி தூக்கும் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன், தள்ளிப்போடப் போட அதற்கு வாய்ப்பு குறையும் என்றார் டாக்டர். அதனால்தான் பொங்கல் வரை காத்திருக்கவில்லை.

இப்போது உன்னோடு நடந்த சண்டைக்கு வருகிறேன். ஆடுற டிஸ்க்தான் வைக்கணும், நான் எல்லாம் படிச்சிப் பாத்துட்டேன், ஸ்க்ரூ போட்டு இறுக்கினா அம்மா மரக்கட்ட ஆயிடுவாங்க என்று போனில் நீ கத்தினாய் இல்லையா. அதைத்தான் நாங்கள் மீறிவிட்டோம். எப்படி என்று கேள். டாக்டர் சொல்லி அனுப்பிய சாய்சரண் என்கிற கம்பெனிக்காரத் தம்பி ஒரு பெட்டியைத் திறந்து, நசுங்கின மெத்தைக்குப் பதிலாக வைக்கிற சாமான் இரண்டு வகையையும் காட்டினான். ஒன்று ஆடுகிறது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் வழவழவென்று வெள்ளை பிளாஸ்டிக், அமுக்கினால் அப்படியும் இப்படியும் சாய்கிறது. இன்னொன்று ஆடாதது. விரல் நுனி அளவுக்கு ஒரு கூண்டுப் பெட்டி, பக்கமெல்லாம் ஓட்டை, கூடவே நான்கு ஸ்க்ரூ, இரண்டு சின்னக் கம்பி. உன் அம்மா இரண்டையும் கையில் வாங்கி எடை பார்த்தாள், அமுக்கினாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். தம்பி, இது புதுசா என்றாள். இது காட்றதுக்கும்மா, உங்களுக்கு பேக் பிரிக்காம புதுசா வரும் என்றான். அப்ப காட்றது ஒன்னு குடுக்குறது ஒன்னா, நாங்க யாவாரத்துல அத்த செய்ய மாட்டோம் என்றாள். கூடையின் மேல் வரிசையில் இவள் என்ன மீன் அடுக்குவாள், அடியில் என்ன வைப்பாள் என்பது எனக்குத் தெரியும், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன வைப்பார்கள் தெரியுமா? முதுகில் நரம்புக்கு வழிவிடுவதற்காகக் கொஞ்சம் எலும்பை எடுப்பார்களாம், அதையே துண்டு துண்டாக்கி அந்தக் கூண்டுக்குள் அடைத்து இரண்டு எலும்புக்கும் நடுவில் வைப்பார்களாம். ஓட்டை வழியாகப் புது எலும்பு வளர்ந்து, மாதக்கணக்கில் மேலும் கீழும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளுமாம். அதுவரைக்கும் பிடித்து வைப்பதற்குத்தான் ஸ்க்ரூவும் கம்பியும். இதைக் கேட்டு உன் அம்மா, இத்தன வருசம் நான் துண்டு போட்டேன், இப்ப என்னையே துண்டு போட்றீங்களா, தலைய மட்டும் கொழம்புக்கு கேக்காதீங்க என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் ஆடாதது தான் உங்களுக்கு என்று டாக்டர் சொன்னதும் இவள் முகம் மாறிவிட்டது. வார்டில் பக்கத்துக் கட்டில் சூடாமணி அம்மாளுக்கு ஆடுகிறது வைக்கப்போவது இவளுக்குத் தெரியும். மயிலாப்பூர் அம்மாக்கு ஆடுறது, குப்பத்து அம்மாக்கு ஆடாததா, மீன்காரின்றதாலயா டாக்டரம்மா, என் பொண்ணு நல்லதா பாத்து வைக்கச் சொல்லிட்டா என்று கேட்டேவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் கோபிக்கவே இல்லை. நாற்காலியை அவள் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா, உங்க மகளே என் முன்னால வந்து நின்னாலும் இதையேதான் சொல்வேன், ஆடுற டிஸ்க் வைக்கணும்னா பின்னால இருக்கிற சின்ன மூட்டுங்க உறுதியா இருக்கணும், எலும்பு வழுக்காம இருக்கணும், உங்களுக்கு மூட்டும் தேஞ்சிடுச்சு எலும்பும் வழுக்கிடுச்சு, இதுல போய் ஆடுறத வச்சா இன்னும் முன்னால போகும், அவங்களுக்கு கழுத்து, மூட்டெல்லாம் நல்லா இருக்கு என்று நிதானமாகச் சொன்னார்.

எனக்கு விளங்கிவிட்டது. காசிமேட்டில் இரண்டு போட்டை அருகருகே கட்டும்போது நடுவில் டயர் தொங்கவிடுவோம், நீ சின்ன வயதில் அதில் ஊஞ்சல் ஆடி விழுந்தாயே, முழங்கையில் தழும்புகூட இருக்கிறது. டயர் தேய்ந்தால் புது டயர் மாட்டலாம். கயிறே அறுந்து ஒரு போட்டு முன்னால் போய்விட்டால் முதலில் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டத்தானே வேண்டும்? இதை உன் அம்மாவிடம் சொன்னேன். நீயும் உன் போட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தியது சூடாமணி அம்மாள்தான். அப்போது அவர்களுக்கே மறுநாள் ஆபரேஷன், பயத்தில் ஜெபமாலை மாதிரி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே, முத்தம்மா, என்னுது என் தலைய மட்டும் தாங்கினா போறும், உங்களுது உங்களையும் தாங்கி கூடையையும் தாங்கி உங்க வாயையும்னா தாங்கணும், அதான் ஸ்க்ரூ போட்டு இறுக்கறா என்றார்கள். அதற்கு உன் அம்மா சிரித்தாள் பார், இடுப்பு வலியில் ஐயோ ஐயோ என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். இப்போது இரண்டு பேரும் அவ்வளவு சிநேகம். அந்த அம்மாளுக்கு மீன் வாசனையே ஆகாது, இவளுக்குப் பாட்டுக் கச்சேரி ஆகாது, என்னத்தைத்தான் பேசுவார்களோ, பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் வெட்ட முடியுமா என்று கேட்டாள். ஒரு கணு மட்டும் மடங்காது, மற்றதெல்லாம் மடங்கும், ஆனால் குனிந்து வெட்டவும் கூடாது, கூடை தூக்கவும் கூடாது, உயரமாக உட்கார்ந்து மேஜை மேல் வைத்து வெட்டுங்கள் என்றார் டாக்டர். கேட்டதும் இவள், நாற்காலில குந்திக்கினு மீனு வித்தா எவ வாங்குவா, தங்கம் என்னை கலெக்டரம்மான்னு கூப்பிட்டே சாவடிச்சிடுவா என்றாள். ஆண்டனி விடவில்லை. படகு ஒட்டுப் போடுகிற ஃபைபரிலேயே ஒரே ராத்திரியில் உயரமாக ஒரு மேஜை செய்து, தண்ணீர் வடிய ஒரு வாய்க்காலும் வைத்து, அவள் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். முதல் நாளே தங்கம் அதில் நின்று வெட்டிப் பார்த்துவிட்டு, இது நல்லா கீதுடா, எனக்கும் ஒன்னு செஞ்சி குடு, உங்கம்மா வர்ற வரைக்கும் அவ யாவாரத்த நான் பாத்துக்கறேன் என்றாளாம். அவ யாவாரத்த அவ பாப்பாளா, என் யாவாரத்த அவ பாப்பாளா, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுங்க டாக்டரம்மா என்று உன் அம்மா அன்றைக்குத்தான் சரி சொன்னாள். ஆக உன் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது நானும் இல்லை, நீயும் இல்லை.

சார் இரண்டு தரம் காபி வாங்கி வந்துவிட்டார். முதல் காபியைக் குடித்தேன், இரண்டாவது ஆறிப்போய்க் கிடக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள். சொன்ன நேரம் தாண்டிவிட்டது. கேட்டதற்கு, தாத்தா, சில சமயம் ஆகும், உக்காருங்க என்கிறார்கள். நான் கடலில் இருக்கும்போது எத்தனையோ தரம் எனக்காக அவள் கரையில் நின்றிருப்பாள், காற்று கிளம்பினால் மற்ற பெண்கள் எல்லாம் அழுவார்கள், இவள் மட்டும் திட்டிக்கொண்டே நிற்பாள், கரையேறும்போது எனக்கு முதலில் கேட்பது அந்தத் திட்டுத்தான். எப்படித்தான் நின்றாளோ. எனக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சார் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தாநாள் இதே நாற்காலில நானும் இப்படித்தான் இருந்தேன், வந்துடுவா, வந்துடுவா என்கிறார். வலி போனால் போதும் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன். இங்கே உட்கார்ந்த பிறகு ஆசை கூடிவிட்டது, அந்தப் பாதமும் வேண்டும் என்று கேட்கிறேன். இதோ, முத்தம்மா கூட வந்தது யாரு என்று கூப்பிடுகிறார்கள்.

போய்விட்டு வந்துவிட்டேன் ஏஞ்சல். சாரிடம், பேனாவை எடுங்க, சூட்டோடு எழுதுங்க என்றேன். கண் விழிக்க வைக்கிற அறையில் படுக்க வைத்திருந்தார்கள், முகம் சின்னதாகத் தெரிந்தது, மூக்குத்தி கழற்றிய இடத்தில் ஒரு துணுக்கு பிளாஸ்டர். டாக்டர் காலடியில் நின்று, பெட்டி நல்லா உக்காந்திருக்கு, நரம்பு ஃப்ரீ ஆயிடுச்சு, இப்ப பாக்கலாம் என்று சொல்லிவிட்டுக் குனிந்து, முத்தம்மா, ரெண்டு கால் கட்டைவிரலையும் மேல தூக்குங்க என்றார். இடது விரல் எழுந்தது. வலது அப்படியே கிடந்தது. நான் மேலே தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டேன். டாக்டர், அவசரம் இல்லம்மா, மறுபடி பாருங்க என்றார். நான் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு டாக்டர், இதோ என்றார். பார்த்தால், அரிசி மணி உயரத்துக்கு, வலது கட்டைவிரல் எழுந்து நிற்கிறது, இறங்குகிறது, மறுபடியும் எழுகிறது. நேற்று அவ்வளவுகூட இல்லை. உன் அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே, மயக்கத்திலேயே, கடைவீதியில் கூறு போடுகிற அந்தக் குரலில், போதுமாம்மா, இன்னும் ஒன்னு சேத்துப் போடவா என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, போதும்மா போதும் என்றார். எனக்குப் புரிந்தது. பாதி உடம்பு இன்னும் மருந்தில் கிடக்கிறது, அதற்குள் கடையைத் திறந்துவிட்டாள்.

முழுப் பாதமும் தூக்குவதற்கு இன்னும் மாதங்கள் ஆகும், பயிற்சி செய்ய வேண்டும், கொஞ்ச நாள் பாதத்துக்கு ஒரு பட்டை போட்டு நடக்க வேண்டும், நாளைக்கே எழுப்பி நிற்க வைப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். ஸ்க்ரூ இருப்பதால் ஏர்போர்ட்டில் சத்தம் வரலாம், அதற்கு அட்டை ஒன்று கொடுப்பார்களாம், ஆகவே ஆக்லாந்துக்கு வர முடியாது என்று அவள் இனி சாக்குச் சொல்ல முடியாது. அங்கே இந்நேரம் இருட்டியிருக்கும், உன் பஸ் ஷெட்டுக்குப் போயிருக்கும், அதனால் இதோ போன் செய்யப்போகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், இருந்தாலும் முழுக்கப் படி, போனில் நான் பாதியில் அழுதுவிடுவேன், சொல்ல விட்டுப்போகும். உட்கார்ந்தே ஓட்டுகிற வேலை உனக்கு, வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி நாலு அடி நட, ஜோவிட்டாவை எந்நேரமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியாதே, காலில் சுருக்கென்று ஏதாவது இழுத்தால் காலுக்கு எண்ணெய் போடாமல் முதுகைக் காட்டு. மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம், பேத்திக்கு ஒரு முத்தம், உனக்கு நான் தலையில் கை வைத்து மாதா பெயரால் சொல்கிற ஆசீர்வாதம். வாய்க்கு வந்ததைச் சொல்லி நான் கலங்கினாலும் முகம் சுளிக்காமல் எழுதிய சந்திரமௌலி சாருக்கு அங்கிருந்து நீயும் ஒரு நன்றி சொல்லு. அம்மாவிடம் பேசும்போது ஆடுற டிஸ்க் பேச்சை மட்டும் எடுக்காதே, அந்த யாவாரம் முடிந்துவிட்டது.

உன் நைனா
லூர்துசாமி
(கைநாட்டு)